உங்கள் ஊர் ஆற்றில் பிரெஞ்சுக்காரர்களுக்கு வழிகாட்டியது யார்? டெஸ் பிளெய்ன்ஸ் கரையிலிருந்து ஒரு கேள்வி

கரையோரன் (இல்லினாய்)

வணக்கம் நண்பர்களே.

போன வருடம் அப்பா மூன்று மாதம் எங்களோடு வந்து தங்கியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை லெமான்ட் ராமர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். தரிசனம் முடிந்து வெளியே வந்தவர், மேட்டின் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். இலையெல்லாம் உதிர்ந்த சமயம். கீழே பள்ளத்தாக்கு தெளிவாகத் தெரிந்தது. "அது என்ன ஆறு? எங்கே போய்ச் சேருது?" என்று கேட்டார்.

பதினான்கு வருடமாக அந்த ஆற்றைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போய் வருகிறேன். பெயர் டெஸ் பிளெய்ன்ஸ் என்று மட்டும் தெரியும். எங்கே போகிறது என்று சொல்லத் தெரியவில்லை. அப்பா பவானிக்காரர். கூடுதுறையில் எந்தத் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நிறம் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் முன்னால் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்று ராத்திரியே படிக்க உட்கார்ந்தேன். இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்கிறேன். 1673 மே 17 அன்று, ஏரிகள் சந்திக்கும் மிஷிலிமாக்கினாக் பக்கத்திலிருந்து இரண்டு மரப்பட்டைத் தோணிகளில் ஏழு பேர் கிளம்பினார்கள். ஒருவர் ஜாக் மார்க்கெத், பிரான்சின் லாவோன் ஊரில் பிறந்த இயேசு சபைப் பாதிரியார். இன்னொருவர் லூயி ஜோலியே, கெபெக்கிலேயே பிறந்தவர், அப்போது 28 வயதுகூட நிரம்பாதவர். தெற்கே ஒரு பெரிய ஆறு ஓடுகிறது என்று பூர்வகுடிகள் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அது பசிபிக் பக்கம் போகிறதா, மெக்சிகோ வளைகுடாவில் விழுகிறதா என்று பார்த்து வருவதுதான் வேலை. மிசிசிப்பியில் இறங்கி ஆர்கன்சா ஆற்று முகத்துவாரம் வரை போனார்கள். இது வளைகுடாவுக்குத்தான் போகிறது என்று அங்கே உறுதியானது. இன்னும் கீழே போனால் ஸ்பானியர் கையில் சிக்கலாம் என்று திரும்பினார்கள்.

வந்த வழியில் அவர்கள் திரும்பவில்லை. "இந்த வழியில் போனால் ஏரிக்குச் சீக்கிரம் போகலாம்" என்று அங்கிருந்தவர்கள் சொல்ல, இல்லினாய் ஆற்றில் ஏறி, அங்கிருந்து டெஸ் பிளெய்ன்ஸில் ஏறினார்கள். அதாவது அந்த செப்டம்பரில் எங்கள் கோயில் மேட்டுக்கு நேர் கீழே அவர்களுடைய தோணிகள் போயிருக்கின்றன.

கொஞ்ச தூரம் மேலே போனால், இன்றைய ஹார்லம் அவென்யூ பக்கத்தில், ஆற்றை விட்டு இறங்கித் தோணியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். சேற்று ஏரி என்று ஒரு சதுப்பு. அதைக் கடந்தால் சிகாகோ ஆறு, பிறகு மிச்சிகன் ஏரி. இந்தப் பக்கம் விழும் மழை மெக்சிகோ வளைகுடாவுக்கு, அந்தப் பக்கம் விழும் மழை செயின்ட் லாரன்ஸ் வழியாக அட்லாண்டிக்குக்கு. இரண்டையும் பிரிக்கும் மேடு நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு தாழ்வு. நல்ல வெள்ளம் வந்தால் இறங்காமலே கடந்துவிடலாம். தண்ணீர் வற்றினால் பல மைல் சுமக்க வேண்டும். சிகாகோ என்ற ஊரே இந்தச் சுமக்கும் பாதையால் வந்ததுதான்.

அப்பாவை அங்கேயும் கூட்டிப் போனேன். வனக் காப்பு நிலத்துக்குள் ஒரு சிலை இருக்கிறது, துரு நிறத்தில் பெரிய இரும்புத் தகடுகளால் ஆனது. தோணியோடு பிரெஞ்சுக்காரர்கள், கூடவே ஒரு பூர்வகுடி வழிகாட்டி. பின்னால் பழைய ஓடையின் மிச்சம், பாசி படிந்து அசையாமல் கிடந்தது. அப்பா சிலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நம்ம பரிசல்காரங்க மாதிரித்தான். தண்ணியோட இறங்கி வந்துட்டு, பரிசலைத் தலையில கவுத்துக்கிட்டு கரையோட மேல நடந்து போவாங்க."

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது.

சரி, என் கேள்வி இதுதான். நீங்கள் எந்த ஆற்றின் பக்கத்தில் இருக்கிறீர்கள்? பிரெஞ்சுக்காரர்கள் அங்கே வந்தபோது வழி காட்டியது யார்?

---

நெல்லைச்சீமை

நல்ல இழை. ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். பள்ளிப் புத்தகங்களில் "மார்க்கெத்தும் ஜோலியேயும் மிசிசிப்பியைக் கண்டுபிடித்தார்கள்" என்று இருக்கும். இங்கே என் மகன் அப்படித்தான் படித்தான். ஐரோப்பியர் என்று பார்த்தாலே, 1541-ல் ஸ்பானியர் தெ சோட்டோ தெற்கே அந்த ஆற்றைக் கடந்துவிட்டார். அதற்கு முன்பு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாகக் கரையெல்லாம் ஊர்கள். மிசிசிப்பி என்ற பெயரே அனிஷினாபே என்ற பூர்வகுடியின் மொழியில் பெரிய ஆறு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. நம் தமிழில் பேராறு. பெயர் வைத்து, அதில் ஓட்டி, கரையில் பயிர் செய்தவர்கள் இருக்கும்போது கண்டுபிடித்தது என்று எப்படிச் சொல்வது?

நீங்கள் கேள்வியை "வழி காட்டியது யார்" என்று வைத்தது சரி. அதிலேயே நிற்போம்.

---

வழுக்கையாறு (ஸ்காபரோ)

கரையோரன் அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணம். எங்கள் குடாநாட்டில் ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று மாரிக்கு ஓடும், கோடையில் வயலோடு வயலாகக் கிடக்கும். சின்ன வயதில் ஆறு என்றால் எனக்கு அதுதான். கிணற்றை நம்பி வளர்ந்த சனம் நாங்கள். வருடம் முழுக்க ஓடும் ஓர் ஆற்றுக்குப் பக்கத்தில் நான் முதன்முதலாகக் குடியிருந்தது 1998-ல் இங்கே வந்த பிறகு. அது ரூஜ் ஆறு.

2011-ல் அப்பா காலமானார். ஊரில் என்றால் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போவோம். கடலும் ஊற்றும் சேர்ந்த இடம், அங்கேதான் அம்மம்மாவுக்கும் செய்தது. இங்கே எங்கே போவது என்று அம்மா அழுதுகொண்டே கேட்டா. கடைசியில் ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் விழும் இடத்தில் அப்பாவின் சாம்பலைக் கரைத்தோம். காலை ஏழு மணி இருக்கும். ஆற்றுவாயில் ரயில் பாலம். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது ரயில் வந்தது, அது போய் முடியும்வரை அவர் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். சாம்பல் உடனே ஏரிக்குள் போகவில்லை. ஆறும் ஏரியும் ஒன்றையொன்று தள்ளும் இடத்தில் சாம்பல் நிறமாக ஒரு கோடு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போய்விட்டது. அன்றிலிருந்து அது எங்கள் ஆறு.

அந்த இடத்தின் கதையைப் பிறகுதான் அறிந்தேன். ரூஜ் என்றால் பிரெஞ்சில் சிவப்பு. 1660-களில் அந்த ஆற்றுவாயை ஒட்டி செனகா மக்களின் ஊர் இருந்தது, கனத்செக்வயாகோன் என்று பெயர். அங்கிருந்து வடக்கே சிம்கோ ஏரிப் பக்கம் ஒரு நடைபாதை, தோணியைச் சுமந்து போகிற பாதை. உங்கள் சிகாகோவில் இருப்பது போலவே. ஃபெனலோன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1669 குளிர்காலத்தை அந்த ஊரில் கழித்தார். செனகா மக்கள் இடம் கொடுத்ததால்தான் அவர் அந்தக் குளிரைத் தாண்டினார். பக்கத்தில் பிக்கரிங்கில் பிரெஞ்சுக்காரன் குடா என்று இன்றைக்கும் ஓர் இடம் இருக்கிறது.

அந்த ஊர் இருந்த மேடு இப்போது தேசிய வரலாற்றுத் தலம், பீட் ஹில் என்பார்கள். சுற்றிவர ரூஜ் தேசிய நகர்ப் பூங்கா. செப்டம்பர் கடைசியில் சினூக் சால்மன் மீன்கள் ஏரியிலிருந்து ஆற்றில் ஏறும். முழங்கால் அளவு தண்ணீரில் என் கை நீளத்துக்கு மீன்கள் முதுகு வெளியே தெரியக் கல்லில் உரசிக்கொண்டு ஏறும். அம்மாவை ஒவ்வொரு வருடமும் கூட்டிப் போவேன். அவ கரையில் நின்று மீன்களோடு கதைப்பா.

வந்து சேர்ந்தவனுக்கு அந்தக் கரையில் இருந்தவன் இடம் கொடுத்தான் என்ற கதை எனக்கு வெறும் சரித்திரம் இல்லை, அண்ணா.

---

கரையோரன்

தங்கச்சி, உங்கள் பதிவை அப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். சாம்பல் கோடு நின்ற இடம் வந்ததும் "இன்னொரு தடவை படி" என்றார். கூடுதுறையிலும் அப்படித்தான் நிற்கும் என்று சொன்னார்.

---

நாலு ஏரி ஊர் (மேடிசன், விஸ்கான்சின்)

கரையோரன் சொன்னது திரும்பி வந்த வழி. போன வழி எங்கள் பக்கம். அது அதைவிடக் கடினம் என்று நினைக்கிறேன்.

கிரீன் பே விரிகுடாவிலிருந்து ஃபாக்ஸ் ஆற்றில் ஏறினார்கள். வழியில் மெனோமினி மக்களின் ஊர். பிரெஞ்சுக்காரர்கள் அவர்களைக் காட்டு ஓட்ஸ் மக்கள் என்று அழைத்தார்கள், ஏனென்றால் அவர்களுடைய முக்கிய உணவு தண்ணீரில் தானாக விளையும் காட்டரிசி. தோணியில் போய்க் கதிரை வளைத்துத் தட்டினால் தானியம் தோணிக்குள்ளேயே விழும். மார்க்கெத் இதையெல்லாம் பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார். மெனோமினி மக்கள் "போகாதீர்கள், கீழே ஆளை விழுங்கும் பூதங்கள் இருக்கின்றன, வெயில் கொன்றுவிடும்" என்று தடுத்திருக்கிறார்கள்.

ஃபாக்ஸ் ஆற்றின் மேல் பகுதியில் காட்டரிசி அடர்ந்து, எது ஆறு எது சதுப்பு என்று தெரியாத அளவுக்கு இருந்தது. மஸ்கூட்டன் என்ற பூர்வகுடி ஊரில் மயாமி இனத்தவர் இருவரை வழிகாட்ட அனுப்பினார்கள். அந்த இருவர் இல்லாவிட்டால் பயணம் அங்கேயே நின்றிருக்கும். ஒரு இடத்தில் தோணியைத் தூக்கி 2,700 காலடி நடந்தால் விஸ்கான்சின் ஆறு. தோணியைச் சுமக்கவும் உதவிவிட்டு அந்த மயாமி ஆட்கள் திரும்பிவிட்டார்கள். அந்த இடத்தின் பெயர் இன்றைக்கும் போர்ட்டேஜ், அதாவது தோணி சுமக்கும் பாதை. எனக்கு முக்கால் மணி நேரப் பயணம். பாதை இருந்த இடத்தில் இப்போது வீடுகளும் சாலையும். நான் மகளோடு நடந்து பார்த்தேன். தோணி இல்லை, ஒரு தண்ணீர்ப் பாட்டில் மட்டும். ஜூன் மாதம், கொசு எங்களைச் சும்மா விடவில்லை.

விஸ்கான்சின் ஆறு அகலம், ஆனால் ஆழம் இல்லை. எங்கே பார்த்தாலும் மணல் திட்டு. கேனூவை வாடகைக்கு எடுத்துப் போனால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். மார்க்கெத்தும் அந்த மணலைப் பற்றிக் குறைபட்டு எழுதியிருக்கிறார். 350 வருடம் ஆகியும் ஆறு மாறவில்லை.

வயலூசிங் பூங்கா மேட்டில் நின்றால் விஸ்கான்சின் மிசிசிப்பியில் கலக்கும் இடம் முழுதாகத் தெரியும். 1673 ஜூன் 17 அன்று அவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். சொல்ல முடியாத மகிழ்ச்சியோடு நுழைந்தோம் என்று மார்க்கெத் எழுதினார். மேலே நின்று பார்த்தபோது அது மிகையாகத் தெரியவில்லை எனக்கு. வாய்ப்பு கிடைத்தால் காலையில் போங்கள், பனி விலகும் நேரம்.

---

லசீன் வாசி (மொன்றியல்)

நான் இங்கே பெரும்பாலும் படிப்பதோடு சரி. ஆனால் இந்த இழையில் ஒரு குழந்தை விடுபட்டுப் போகிறது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு லசீனில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலிருந்து ஐந்து நிமிட நடை. லா சால் என்ற பிரெஞ்சுக்காரருக்கு 1667-ல் இங்கே நிலம் கொடுத்தார்கள். மேற்கே ஆற்றோடு போனால் சீனா வரும் என்று நம்பியவர். அதைக் கிண்டல் செய்துதான் ஊருக்கு லா ஷீன், சீனா, என்று பெயர் வந்தது. இடம் சரியான இடம்தான். கீழே ஆறு பாறைகளில் மோதி வேகமாக இறங்கும் பெரிய நீர்ப்பாய்ச்சல் இருக்கிறது. அந்தக் காலத்தில் கடல் வழியாக வந்த கப்பல் எதுவும் அதைத் தாண்ட முடியவில்லை. 1535-ல் கார்த்தியே வந்து நின்றதும் இதன் முன்னால்தான். மேற்கே போக நினைத்தவர்கள் எல்லாரும் லசீனிலிருந்துதான் தோணி எடுக்க வேண்டியிருந்தது.

இனி ஜோலியே. 1674-ல் அவர் மிசிசிப்பிப் பயணத்தின் குறிப்புகள், வரைபடம் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டு மொன்றியலுக்கு வந்துகொண்டிருந்தார். வழியில் 42 நீர்ப்பாய்ச்சல்களைத் தாண்டிவிட்டார். வீடுகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், எங்கள் பாய்ச்சலில், தோணி கவிழ்ந்தது. பெட்டி போய்விட்டது. கூட வந்த இரண்டு ஆட்கள் செத்தார்கள். ஜோலியே நான்கு மணி நேரம் தண்ணீரில் கிடந்து, நினைவு தப்பிய நிலையில் மீனவர்களால் காப்பாற்றப்பட்டார்.

அந்தத் தோணியில் பத்து வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். போன பயணத்தில் இல்லினாய் என்ற பூர்வகுடி மக்களின் தலைவர் விருந்தினருக்கு மரியாதையாகக் கொடுத்த அடிமைச் சிறுவன். அவனும் போய்விட்டான். ஜோலியே பிறகு எழுதிய கடிதத்தில் அவனுக்காக வருந்துகிறார். நல்ல குணம், கூர்மையான புத்தி, பிரெஞ்சு பேசக் கற்றுக்கொண்டான், எழுதப் படிக்கவும் தொடங்கியிருந்தான் என்று சொல்கிறார். பெயர் மட்டும் இல்லை.

எங்கேயோ ஒரு ஊரில் பிறந்து, பிடிபட்டு, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஆற்றிலேயே வந்த பிள்ளை. ஊர் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் தண்ணீரில் போனான். நான் மாலையில் நடக்கப் போகும்போது பாய்ச்சலின் சத்தம் கேட்கும். என் மகனுக்கும் பத்து வயது. அவனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "அவனுக்கு நாங்கள் ஒரு பெயர் வைக்கலாமா?" என்று கேட்டான். அவனுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும், எங்களுக்குத்தான் தெரியாது என்று சொன்னேன்.

---

வழுக்கையாறு (ஸ்காபரோ)

லசீன் அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

---

புதுவை மைந்தன்

நான் புதுச்சேரியில்தான் இருக்கிறேன், அமெரிக்கா பக்கமே வந்ததில்லை. ஆனால் தேதிகளைப் பார்த்ததும் சேர்ந்துகொள்ளத் தோன்றியது.

மார்க்கெத்தும் ஜோலியேயும் கிளம்பிய அதே 1673, பிப்ரவரி 4 அன்றுதான் பெலாஞ்சே த லெஸ்பினே என்ற பிரெஞ்சு அதிகாரி எங்கள் ஊரில் இறங்கினார். வலிகொண்டபுரத்திலிருந்து ஆண்ட ஷேர்கான் லோடி கொடுத்த அனுமதி. அடுத்த வருடம் பிரான்சுவா மர்த்தேன் வந்து ஊரை உருவாக்கினார். பாரிசில் இரண்டுக்கும் பின்னால் ஒரே ஆள், பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர். 1664-ல் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கியவர். 1682-ல் லா சால் மிசிசிப்பியின் முகத்துவாரம் வரை போய், அந்த ஆறு பாயும் நிலம் எல்லாம் தன் அரசருடையது என்று அறிவித்தபோது, மிசிசிப்பியைக் கொல்பேர் ஆறு என்றுதான் குறிப்பிட்டார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. அங்கிருந்தவர்கள் வைத்த பெயர்தான் நின்றது.

எங்களுக்கும் ஆறு உண்டு, அரியாங்குப்பம் ஆறு. அதன் கரையில்தான் அரிக்கமேடு. ரோமானியர் மட்கலம் கிடைத்த இடம். பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு 1,600 வருடம் முன்பே கடல் தாண்டி வந்தவர்களோடு வியாபாரம் செய்த கரை. ஆக, இங்கேயும் வந்தவர்களுக்குத் துறை காட்ட ஏற்கனவே ஆள் இருந்தது.

---

நெல்லைச்சீமை

எல்லாம் படித்தேன். மனதைத் தொட்டது. ஆனாலும் ஒரு விஷயத்தைக் கேட்காமல் விட முடியவில்லை. மார்க்கெத் நல்லவராகவே இருக்கலாம். பூர்வகுடி மொழிகள் பல கற்றவர், 1675 வசந்தத்தில் உடம்பு முடியாத நிலையிலும் இல்லினாய் மக்களின் கஸ்காஸ்கியா ஊருக்குப் போய், திரும்பி வருவேன் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார், அங்கிருந்து திரும்பும் வழியில் மிச்சிகன் ஏரிக் கரையில் 37 வயதில் இறந்தார். மறுக்கவில்லை. ஆனால் அவர் வரைந்த வரைபடத்துக்குப் பின்னால் கோட்டை வந்தது, நோய் வந்தது, பிறகு ஆங்கிலேயர், பிறகு அமெரிக்கர். வழி காட்டிய இல்லினாய் மக்கள் 1832-க்குப் பிறகு கான்சஸுக்குத் தள்ளப்பட்டார்கள், அங்கிருந்து ஓக்லஹோமாவுக்கு. இன்று அவர்கள் வழிவந்த பியோரியா பழங்குடியின் தலைமையிடம் ஓக்லஹோமாவில். பியோரியா என்ற ஊர் மட்டும் இல்லினாயில் இருக்கிறது, மக்கள் இல்லை. கரையோரன், அந்தச் சிலையின் முன்னால் நிற்கும்போது இது உங்களுக்குத் தோன்றவில்லையா?

---

கரையோரன்

தோன்றியது, ஐயா. நீங்கள் கேட்டது நல்லது.

எனக்கு அந்தச் சிலையில் பிடித்த உருவம் அந்த வழிகாட்டிதான். ஆனால் அவருக்கும் பெயர் இல்லை. லசீன் நண்பர் சொன்ன சிறுவனைப் போல. மார்க்கெத் பெயரில் பூங்கா, ஜோலியே பெயரில் ஊர், லா சால் பெயரில் தெரு, எல்லாம் இங்கே உண்டு. இப்போது என் பிள்ளைகளிடம் சொல்லும்போது "மார்க்கெத் இந்த வழியைக் கண்டுபிடித்தார்" என்று சொல்வதில்லை. "இந்த வழியை மார்க்கெத்துக்குக் காட்டினார்கள்" என்கிறேன். காட்டியவர்கள் இப்போது எங்கே என்று சின்னவள் கேட்டாள். ஓக்லஹோமா என்று சொல்லி, வரைபடத்தில் தூரத்தையும் காட்டினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரை லீக், அதாவது ஓரிரு மைல் தூரம், புல்வெளியை வெட்டினால் போதும், ஏரியிலிருந்து வளைகுடா வரை தோணியிலேயே போகலாம் என்று ஜோலியே சொன்னார். லா சால் ஒத்துக்கொள்ளவில்லை. வசந்த வெள்ளத்தில்தான் அது முடியும், கோடையில் டெஸ் பிளெய்ன்ஸில் தண்ணீரே இருக்காது என்றார். உள்ளூர் ஆற்றைப் பொறுத்தவரை லா சால் சொன்னதுதான் சரி. கடைசியில் 1848-ல் வெட்டி முடித்த கால்வாய் அரை லீக் இல்லை, 96 மைல். பிறகு 1900-ல் இன்னொரு கால்வாய் வெட்டி, சிகாகோ ஆற்றையே பின்பக்கமாகத் திருப்பிவிட்டார்கள், நகரத்துச் சாக்கடை குடிநீர் ஏரியில் கலக்கக் கூடாது என்று. இன்று அந்த நீர் லெமான்ட் வழியாகத்தான் தெற்கே போகிறது. கோயில் மேட்டிலிருந்து பார்த்தால் ஆறு, இரண்டு கால்வாய், ரயில் பாதை எல்லாம் ஒரே பள்ளத்தில். அப்பாவின் கேள்விக்குப் பதில் அங்கேயே கிடக்கிறது.

மார்க்கெத் 1674-75 குளிர்காலத்தை சிகாகோ ஆற்றின் கரையில் ஒரு குடிசையில் கழித்தார். மார்ச் கடைசியில் பனிக்கட்டி உடைந்து வெள்ளம் ஏற, சாமான்களை அவசரமாக மரத்தில் தொங்கவிட்டுவிட்டு மேட்டில் போய்ப் படுத்தார்கள் என்று அவருடைய குறிப்பு சொல்கிறது. இதை அப்பாவிடம் சொன்னபோது, பவானியில் வெள்ளம் வந்த வருடம் பாட்டி நெல் மூட்டையைப் பரண்மேல் ஏற்றிய கதையைச் சொன்னார். அதை நான் அதுவரை கேட்டதே இல்லை.

அப்பா வருகிற ஏப்ரலில் மறுபடி வருகிறார். வெள்ளக் காலத்தில் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். சிகாகோ பக்கம் இருப்பவர்கள் யாராவது சேர்ந்துகொள்கிறீர்களா? ஹார்லம் அவென்யூ வாசலில் சந்திக்கலாம். ரப்பர் பூட்ஸ் அவசியம், ஓடைப் பக்கம் கணுக்கால் வரை சேறு இருக்கும்.

---

நாலு ஏரி ஊர் (மேடிசன், விஸ்கான்சின்)

நானும் மகளும் வருகிறோம். இரண்டரை மணி நேரம்தான். காரின் மேல் கேனூவைக் கட்டிக்கொண்டு வரட்டுமா? தண்ணீர் இருந்தால் ஓட்டலாம், இல்லாவிட்டால் அப்பாவோடு சேர்ந்து சுமக்கலாம்.

---

கரையோரன்

கொண்டு வாருங்கள். அப்பாவிடம் சொன்னேன். பரிசல் மாதிரி ஒரு ஆள் தலையில் கவிழ்த்துக்கொள்ள முடியுமா, எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்கச் சொல்கிறார்.